ஒரு கார்டுக்காக பஸ் ஏறிய பையன்

பால் மெக்கார்ட்னியின் பாட்டுகளைக் கேட்காதவர் குறைவு. அந்தப் பாட்டுகளின் பின்கட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒரு புதையலே இருக்கிறது! சிறுவயதில் விரல்கள் கற்ற சின்னச் சின்ன வித்தைகள், பத்து வருஷம் கழித்து உலகப் புகழ் பாட்டுகளாக எழுந்து வருகின்றன.

லிவர்பூல், 1956. பதினாலாவது பிறந்தநாளுக்கு அப்பா ஜிம் வாங்கிக் கொடுத்தது டிரம்பெட். அப்பாவே இளவயதில் ஜாஸ் குழு நடத்தியவர். ஆனால் பையனுக்குப் பாடவும் வேண்டும். டிரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு எங்கே பாடுவது? அப்பாவிடம் அனுமதி வாங்கி, கடையில் அதைக் கொடுத்துவிட்டு ஒரு ஜெனித் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

வந்ததும் சோதனை. பால் இடதுகைக்காரன். வலதுகைக் கிடார் அவன் கைக்கு மசியவே இல்லை. ஸ்லிம் விட்மன் என்ற அமெரிக்கப் பாடகர் கிடாரை இடதுகைப் பக்கமாகப் பிடித்திருக்கும் படம் ஒன்று கண்ணில் பட்டது. அட, இப்படியும் வாசிக்கலாமா! கம்பிகளை எல்லாம் கழற்றி, வரிசையைத் தலைகீழாக்கி மாட்டினான். அதன் பிறகு கிடாரைக் கீழே வைத்தால்தானே? கழிப்பறைக்குள்கூட அது கூடவே போனதாகத் தம்பி மைக் சொல்லியிருக்கிறார்.

அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று அம்மா மேரி புற்றுநோயால் இறந்துபோனார். அதையொட்டித்தான் முதல் பாட்டு பிறந்தது: 'ஐ லாஸ்ட் மை லிட்டில் கேர்ள்'. அம்மாவைப் பறிகொடுத்த துக்கம் தனக்கே தெரியாமல் அதில் புகுந்திருக்கலாம் என்று பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். மொத்தம் மூன்றே கார்ட் (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு): ஜி, ஜி செவன், சி. வீட்டில் கிடார் இருந்தால் இப்போதே எடுத்து வாசித்துப் பாருங்கள். மிக மெல்லிய கம்பியில் விரல் மூன்றாம் கட்டத்தில் இருக்கும், பிறகு முதல் கட்டத்துக்கு வரும், கடைசியில் கம்பியை விட்டே விலகிவிடும். கிடார் இப்படிப் படிப்படியாகக் கீழே இறங்க, பாடும் குரலோ மேலே ஏறுகிறது. பதினாலு வயசில் இந்த யோசனை! எனக்குப் புல்லரிக்கிறது. 1991-ல் எம்டிவி நிகழ்ச்சியில் இதே பாட்டை அவர் மேடையில் பாடினார்.

முறையான வாத்தியார் யாரும் கிடையாது. ஆளுக்கு ஆள் கேட்டுக் கேட்டுக் கற்றதுதான். இ, ஏ இரண்டும் தெரியும். மூன்றாவதாக பி செவன் கிடைத்துவிட்டால் எத்தனையோ ராக் அண்ட் ரோல் பாட்டுகள் கைக்குள் வந்துவிடும். ஊரின் மறுகோடியில் யாரோ ஒருவருக்கு அது தெரியும் என்று காதில் விழுந்ததும் பஸ் ஏறிப் போய், கற்றுக்கொண்டு திரும்பினான். ஒரே ஒரு கார்டுக்காக ஒரு பயணம்!

1957 ஜூலை 6. வூல்டன் தேவாலயத் திருவிழாவில், பின்னாளில் கூட்டாளியாகப்போகும் ஜான் லெனானைச் சந்திக்கிறான் பால். ஜானுக்கு அம்மா சொல்லிக்கொடுத்தது பாஞ்சோ கார்ட்கள். கிடாருக்கு ஸ்ருதி கூட்டத் தெரியாது. பாலுக்குத் தெரியும். அது போதாதா கூட்டு சேர?

20, ஃபோர்த்லின் ரோடு. பாலின் வீடு. அப்பா வேலைக்குப் போனதும் இருவரும் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு முன்னறையில் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். ஒருவர் வலதுகை, ஒருவர் இடதுகை. எதிரில் இருப்பவரின் விரல்களைப் பார்த்தால் கண்ணாடியில் பார்ப்பது மாதிரியே இருக்கும். அப்பாவின் பைப்பில் தேயிலையை அடைத்துப் புகைத்த குறும்பும் அங்கேதான் நடந்தது! டேப் ரெக்கார்டர் கிடையாது. பள்ளி நோட்டில் வரிகளை மட்டும் எழுதிவைப்பார்கள். மறுநாள் மெட்டு ஞாபகம் இருந்தால் பாட்டு பிழைத்தது, மறந்தால் போனது போனதுதான்.

பார்ட்டிகளில் அலட்டிக்கொள்ள பால் ஒரு வித்தை வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரர் மாதிரி ஏதோ முனகிக்கொண்டே ஒரு மெட்டு வாசிப்பார். பல வருஷம் கழித்து, அந்த பிரெஞ்சு சமாசாரத்தைப் பாட்டாக்கேன் என்று ஜான் தூண்ட, 1965-ல் 'மிஷெல்' வந்தது. பிரெஞ்சு வரிகளுக்கு உதவியவர் ஜேன் வான். பாலையும் லெனானையும் அந்தத் திருவிழாவில் சேர்த்துவைத்த நண்பன் ஐவன் வானின் மனைவி! பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது.

இன்னொரு வித்தை, பாஹ் எழுதிய 'பூரே'. பாலும் நண்பன் ஜார்ஜ் ஹாரிசனும் சிறுவயதில் அதை அரைகுறையாகக் கற்று எல்லோரிடமும் வாசித்துக் காட்டுவார்கள். மேலே மெட்டு, கீழே பேஸ், இரண்டும் கைகோத்து நடக்கும் அந்த நடைதான் 1968-ல் 'பிளாக்பேர்ட்' ஆனது. ஒரே குரல், ஒரே கிடார். இடையே டக் டக் என்று தாளம் கேட்கும். பலர் அதை மெட்ரோனோம் என்றே நினைத்தார்கள். அது பாலின் கால்! பாதம் தட்டும் ஓசைக்கும் மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று ராத்திரியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.