உயர்த்திக் கட்டிய பிளிமத்

1959இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த தேசிய டிராக் பந்தயத்துக்கு வினோதமான கார் ஒன்று வந்தது. பத்து வருடப் பழைய பிளிமத். பந்தயக் கார் தரையோடு படிந்திருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். இந்தக் காரின் உடலையோ வேண்டுமென்றே தூக்கி உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். கட்டியவர்கள் ராம்சார்ஜர்ஸ் என்ற குழுவினர்: கிரைஸ்லர் நிறுவனத்தின் இளம் பொறியாளர்கள் சிலர், வேலை நேரம் போகச் சொந்த ஆர்வத்தில் சேர்ந்து செய்தது. 'ஹை அண்ட் மைட்டி' என்று அதற்குப் பெயர். அந்த உயரத்துக்குப் பின்னால் அழகான ஒரு கணக்கு இருந்தது.

டிராக் பந்தயத்தில் திருப்பங்கள் கிடையாது. நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர். யார் முதலில் கடக்கிறார் என்பதே போட்டி. இதற்கு எஞ்சின் பலம் மட்டும் போதாது. பலம் மிகுந்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகையைக் கக்கும், கார் நகராது. டயர் தரையைப் பற்றும் அளவுக்குத்தான் பலம் பயன்படும். டயரின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ, ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் பிடிப்பும் கிடைக்கும்.

கார் முன்னோக்கிப் பாயும்போது எடையில் ஒரு பகுதி முன்சக்கரங்களை விட்டுப் பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. காரின் எடையை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். கீழே விழும் பொருளுக்கு உள்ள அதே முடுக்கத்தில் கார் பாய்ந்தால் வரும் விடை இது. 1,500 கிலோ கார், சக்கர இடைவெளி 2.7 மீட்டர், ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். 333 கிலோ பின்னால் போகும். அதே காரின் ஈர்ப்பு மையத்தை 90 செ.மீ.க்கு உயர்த்தினால் 500 கிலோ. ஒரு கிலோகூட ஏற்றாமல், இரண்டு மூட்டை அரிசிக்கும் மேலான பாரம் பின்சக்கரங்களில் கூடுதலாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. ராம்சார்ஜர்ஸ் காரை உயர்த்தியது இதற்காகத்தான்.

1965இல் கிரைஸ்லர் அதே கணக்கை வேறு வழியில் போட்டது. சில டாட்ஜ், பிளிமத் கார்களின் பின் அச்சைச் சுமார் 38 செ.மீ. முன்னுக்கு நகர்த்தியது, முன் அச்சையும் முன்னுக்குத் தள்ளியது. அதனால் நிற்கும்போதே காரின் பாரம் பின்சக்கரங்களின் மேல் கூடியது. பார்க்க வேடிக்கையாக இருந்ததால் 'ஃபன்னி கார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அதுவே ஒரு பந்தய வகையின் பெயராயிற்று.

வீட்டு ஷெட்டில் கார் கட்டுகிறவர் எதிர்கொள்ளும் அடுத்த சிக்கல் பின் அச்சு. சக்கரம் முன்னோக்கிச் சுழல, அச்சின் கூடு எதிர்த்திசையில் புரளப் பார்க்கும். லாரிக்கு அடியில் தெரிகிற அடுக்கடுக்கான வில்பட்டைகளில் அது பொருத்தப்பட்டிருந்தால், அந்த முறுக்கில் பட்டை ஆங்கில எழுத்து 'எஸ்' போல வளைந்துவிடும். ஓர் அளவுக்கு மேல் வளைந்ததும் டயர் வழுக்க, பட்டை விடுபட்டுத் தெறிக்கும். டயர் மறுபடி பிடிக்க, மறுபடி வளையும். நொடிக்குப் பல தடவை இது நடப்பதுதான் சக்கரத் துள்ளல். இரும்பு அச்சையே முறிக்கும் வேகம் அதற்கு உண்டு.

இதை அடக்க வந்த எளிய கருவிதான் பிடிப்புக் கம்பி. அச்சுக்கு அடியில் இறுக்கிய ஓர் இரும்புக் கம்பி, வில்பட்டையின் முன்முனை வரை நீளும். நுனியில் ஒரு ரப்பர்த் துண்டு. அச்சு புரண்டதும் கம்பியின் நுனி மேலெழுந்து பட்டையின் முன்முனையில் முட்டும். புரளல் நிற்கும். அதோடு முடிவதில்லை. கம்பி காரின் உடலை மேலே தள்ளும் அதே கணத்தில், எதிர்விசையாக டயர் தரையில் அழுத்தப்படுகிறது. காரைக் கெடுக்க வந்த முறுக்கே காருக்கு வேலை செய்கிறது! எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த தந்திரம் இதுதான்.

இதன் வளர்ந்த வடிவம் நான்கு கம்பி அமைப்பு. மேலே இரண்டு, கீழே இரண்டு கம்பிகள் அச்சை உடலோடு இணைக்கும். பக்கவாட்டில் பார்த்து, மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் கற்பனையாக முன்னோக்கி நீட்டினால் இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும். அங்கே எந்த உதிரிபாகமும் இல்லை, வெறும் காற்று. ஆனாலும் பின் அச்சு அந்தப் புள்ளியிலிருந்தே உடலைத் தள்ளுவதுபோல நடந்துகொள்ளும். போல்ட்டை ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு மாற்றினால் புள்ளி இடம் மாறும். புறப்படும்போது காரின் பின்பக்கம் எழுமா, தாழுமா என்பதும் மாறும். மொத்தம் எவ்வளவு எடை பின்னால் போகும் என்பதை காரின் எடை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கர இடைவெளி ஆகியவையே முடிவு செய்கின்றன. எவ்வளவு விரைவாக, எவ்வளவு பலமாக அது டயரில் இறங்கும் என்பதைத்தான் கம்பிகள் ஆள்கின்றன.

முன்பக்க ஷாக் அப்சார்பரிலும் ஒரு நுட்பம். '90/10' எனப்படும் வகை, நீளும்போது அதிகம் எதிர்க்காது. சுருங்கும்போது மிகவும் எதிர்க்கும். மூக்கு சட்டென்று எழும், மெதுவாகத்தான் இறங்கும்.

எஞ்சினின் முறுக்கு பின் அச்சைப் பக்கவாட்டிலும் திருப்பும். இடது டயர் அழுந்தும், வலது டயர் இலேசாகும். அதனால் பலர் வலப்பக்கத்து வில்லை மட்டும் விறைப்பாக்குகிறார்கள்; சிலர் வலப்பக்கச் சுருள்வில்லுக்குள் ஒரு காற்றுப் பையைச் செருகுகிறார்கள்.

கடைசியில் எல்லாம் வந்து சேர்வது டயரில். பள்ளங்கள் வெட்டாத வழவழப்பான பந்தய டயரில் காற்றழுத்தம் பெரும்பாலும் சாலைக் காரில் உள்ளதன் பாதிக்கும் குறைவு. புறப்படும் கணத்தில் அதன் பக்கச்சுவர் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தரையைத் தொடும் பரப்பு நீளும். வேகம் ஏறியதும் அதே டயர் மைய விலக்கு விசையால் விரிந்து உயரமாகிறது. கியரை மாற்றாமலே கியர் விகிதம் மாறியதற்கு அது சமம்.

இவ்வளவையும் சரிபார்க்க இன்று ஒரு கைபேசி போதும். புறப்படும் காரைப் பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டத்தில் படம்பிடித்து, பின் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலான இடைவெளி விரிகிறதா, சுருங்குகிறதா என்று கார் கட்டுகிறவர்கள் பார்க்கிறார்கள். பிறகு ஒரே ஒரு போல்ட்டை மாற்றி மறுபடி ஓட்டுகிறார்கள். அவர்கள் முதலில் தேடுவது பந்தயத்தின் மொத்த நேரத்தை இல்லை. முதல் 60 அடிக்கான நேரத்தைத்தான். அங்கே பத்தில் ஒரு நொடி மிச்சம் பிடித்தால், கால் மைல் முடிவில் பொதுவாக அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.