பட்டியலில் இல்லாத பெயர்கள்

1957 டிசம்பரில் மக்களவையில் ஃபெரோஸ் காந்தி எழுந்து பேசியது ஆளுங்கட்சி வரிசையிலிருந்து. ரேபரேலி உறுப்பினர், காங்கிரஸ்காரர், போதாததற்குப் பிரதமரின் மருமகன். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பங்கு வாங்கியது யார் சொல்லி என்று அவர் கேட்டார். சாக்ளா விசாரணைக் கமிஷன் வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேள்வி கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1960-இல் இறக்கும்வரை அவர் அதே கட்சியில், அதே தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.

அன்றும் கொறடா இருந்தார், உத்தரவும் இருந்தது. மீறினால் கட்சி கண்டிக்கும். அடுத்த தேர்தலில் சீட்டு தராது. மிஞ்சினால் வெளியே அனுப்பும். ஆனால் மக்கள் கொடுத்த இடத்தைக் கட்சியால் பறிக்க முடியாது. 1951-இல் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் காங்கிரஸ் உறுப்பினர்களே பகிரங்கமாக எதிர்த்தார்கள். மசோதா கிடப்பில் போடப்பட்டது, அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். எதிர்த்தவர்களின் கருத்து பிற்போக்கானது என்று இன்று சொல்லலாம். எதிர்க்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் இந்த உரிமை உச்சத்துக்குப் போனது. காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. அவரை முன்மொழிந்த பிரதமர் இந்திரா காந்தியே, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று தம் கட்சியினரிடம் சொன்னார். வி. வி. கிரி வென்றார். மூன்று மாதத்தில் கட்சி இரண்டாகப் பிளந்தது. அதன்பின் இந்திராவின் ஆட்சி தி.மு.க.வும் இடதுசாரிகளும் தாங்கிப் பிடித்ததால் நின்றது. இரண்டு தரப்பில் எவர் கட்சிக்கு விசுவாசம், எவர் துரோகம் என்ற கேள்விக்கு விடை அப்போதே தெளிவாக இல்லை.

அந்தக் காலத்தை ஏங்கிப் பார்ப்பவர்கள் 1967-ஐ மறந்துவிடக் கூடாது. ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். ஆயா ராம், கயா ராம் என்ற கேலி அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான். அந்தத் தேர்தலுக்குப் பிந்தைய ஓராண்டில் மட்டும் நாடெங்கும் 438 கட்சித் தாவல்கள் நடந்தன. தாவியவர்களில் 210 பேரைப் பற்றிய கணக்கில் 116 பேர் அமைச்சர்களானார்கள். மனசாட்சி என்ற சொல்லுக்கு அப்போது சந்தையில் விலை இருந்தது. ஃபெரோஸ் காந்தியைக் காத்த அதே சுதந்திரத்தின் நிழலில்தான் இந்த வியாபாரமும் நடந்தது.

1985 ஜனவரியில், நானூறுக்கும் மேற்பட்ட இடங்களுடன் ஆட்சிக்கு வந்திருந்த ராஜீவ் காந்தி அரசு கட்சித் தாவலைத் தடுக்க அரசியலமைப்பின் 52-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. இரு அவைகளிலும் அடுத்தடுத்த நாட்களில் நிறைவேறியது. அது சேர்த்த பத்தாவது அட்டவணை, கட்சியின் கட்டளைக்கு எதிராக முன் அனுமதியில்லாமல் வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ உறுப்பினர் பதவி போகும் என்றது. பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்தால் பிழைக்கலாம். தனியாகப் போனால் குற்றம், மூன்றில் ஒரு பங்காகப் பிரிந்து போனால் குற்றமில்லை என்றொரு வாசலையும் திறந்தே வைத்தார்கள். சில்லறை வியாபாரத்தைத் தடுத்து மொத்த வியாபாரத்தை அனுமதித்த அந்த வாசல் 2003-இல் 91-ஆவது திருத்தத்தால் மூடப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கினர் இன்னொரு கட்சியோடு இணையும் வழி இன்னும் இருக்கிறது.

வாக்குப் பதிவேட்டின் பொருளே இதோடு மாறிவிட்டது. அன்று ஓர் உறுப்பினரின் வாக்குகளை வரிசையாக அடுக்கினால் அவர் கட்சியோடு எங்கெங்கே ஒத்துப்போனார், எங்கே முரண்டினார் என்று தெரியும். ஒத்துப்போனதற்கும் ஒரு மதிப்பு இருந்தது, முரண்ட வழியிருந்தும் ஒத்துப்போனார் அல்லவா. இன்று மேசையில் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. எதை அழுத்துவது என்பது முந்தைய நாளே முடிவாகிவிடுகிறது. பதவி போகும் என்ற பயத்தில் போட்ட வாக்கிலிருந்து விசுவாசத்தை எப்படி அளப்பது? செய்தித்தாள்கள் இன்று உறுப்பினர்களுக்குப் போடும் மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள்: வருகை எத்தனை நாள், கேள்வி எத்தனை, விவாதம் எத்தனை. எப்படி வாக்களித்தார் என்ற பத்தியைத் தேட வேண்டியிருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் ஒரே விடை வரும் பத்தியை யார் அச்சிடுவார்கள்?

1992-இல் உச்ச நீதிமன்றம் கிஹோடோ ஹொல்லோஹன் வழக்கில் இந்தச் சட்டம் செல்லும் என்றது. கூடவே, பதவி பறிக்கும் அளவுக்கான கட்டளை, ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புக்கும் தேர்தலில் மக்கள்முன் வைத்த அடிப்படைக் கொள்கைக்கும் மட்டுமே இருக்க வேண்டும் என்றும் சுருக்கிச் சொன்னது. கட்சிகள் முதல் பாதியை மட்டும் படித்தன. சாதாரண மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போவது வழக்கமாகிவிட்டது.

மீறியவர்கள் இல்லாமல் இல்லை. 1999 ஏப்ரல் 17 அன்று, அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு வாஜ்பாய் அரசு நம்பிக்கை கோரியது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. தோல்விக்குக் காரணம் தேடியவர்கள், ஒடிசா முதல்வரான பின்னும் மக்களவைப் பதவியை விடாமல் வந்து வாக்களித்த கிரிதர் கமாங்கைச் சொன்னார்கள். எனக்கு அன்றைய தினத்தின் கனமான வாக்கு தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் போட்டதுதான். கட்சி அரசை ஆதரிக்கச் சொன்னது, அவர் எதிர்த்தார். கட்சி அவரை நீக்கியது. சில நாட்களில் மக்களவையே கலைக்கப்பட்டது. கட்டளைப்படி அவர் நடந்திருந்தால் கணக்கு 270-க்கு 269 என்று திரும்பியிருக்கும்.

சட்டம் வந்த பிறகும் விலை பேசுவது நிற்கவில்லை என்பதற்கு 1993 சாட்சி. நரசிம்ம ராவ் அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251-க்கு 265 என்று தோற்றது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் பணம் வாங்கி வாக்களித்ததாக வழக்கு வந்தது. லஞ்சம் வாங்கி அதன்படி வாக்களித்தவருக்கு அவையின் சிறப்புரிமைப் பாதுகாப்பு உண்டு, வாங்கிவிட்டு வாக்களிக்காதவருக்கு இல்லை என்று 1998-இல் தீர்ப்பானது. நாணயத்துக்கு இப்படியும் ஒரு பரிசு! 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது.

எதிர்ப்பு இப்போது வேறு இடங்களில் ஒதுங்கியிருக்கிறது. ஒன்று வெளிநடப்பு: 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டைக் கடுமையாக எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வாக்கெடுப்பின்போது எழுந்து போய்விட, அரசு 253-க்கு 218 என்று வென்றது. தி.மு.க. முதலீட்டை எதிர்த்தது, வாக்கை அரசுக்கே போட்டது. இன்னொன்று வராமலிருப்பது: 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதா 269-க்கு 198 என்று அறிமுகமானபோது, கொறடா உத்தரவு இருந்தும் பா.ஜ.க. உறுப்பினர்கள் இருபது பேர் அளவில் அவையில் இல்லை. கல்யாணத்துக்குப் போனார்களா, கருத்து வேறுபாடா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெயரே பதிவாகாத நாட்களும் உண்டு. 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்களின்போது தி.மு.க.வின் திருச்சி சிவா உள்ளிட்டோர் மாநிலங்களவையில் டிவிஷன், அதாவது பெயர் பதிவாகும் வாக்கெடுப்பு, கேட்டார்கள். குரல் வாக்கெடுப்போடு முடிந்தது.

கட்சிக் கட்டளை செல்லாத ரகசிய வாக்கெடுப்பும் மிஞ்சியிருக்கிறது. 2025 செப்டம்பரில் அப்படியொரு வாக்கெடுப்பில் திருப்பூர்க்காரரான சி. பி. ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவரானார். எதிரணி தம் பக்கம் 315 பேர் வந்து வாக்களித்ததாகச் சொன்னது. எண்ணியபோது அதன் வேட்பாளர் சுதர்சன் ரெட்டிக்கு 300, ராதாகிருஷ்ணனுக்கு 452, செல்லாதவை 15. மனம் மாறிப் போட்டவை எத்தனை, கை தவறியவை எத்தனை என்று வாக்குச்சீட்டு சொல்லாது.

பிரிட்டனில் 2003 மார்ச்சில் ஈராக் போர் வாக்கெடுப்பில் தொழிற்கட்சியின் 139 பேர் தங்கள் பிரதமர் டோனி பிளேருக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்கள் பெயர்கள் அச்சிலேயே இருக்கின்றன. ஒருவருடைய உறுப்பினர் பதவியும் அதனால் பறிபோகவில்லை. அரசும் விழவில்லை. அங்கே கொறடா கட்சியிலிருந்து விலக்கலாம், அவையிலிருந்து விலக்க முடியாது.

இங்கே எதனால் பதவி போகும் என்பதே சபாநாயகரைப் பொறுத்தது. 2017 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றத்தில் அ.தி.மு.க.வின் 11 உறுப்பினர்கள் முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் நம்பிக்கைத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார்கள், பதவியில் தொடர்ந்தார்கள். அதே ஆண்டு முதல்வருக்கான ஆதரவை விலக்கி ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதே கட்சியின் 18 பேர் பதவி இழந்தார்கள். முன்னவர்கள் பிறகு கட்சித் தலைமையோடு சமரசமானார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரிந்து யாரையும் முழுதாகத் திருப்திப்படுத்தியதில்லை.

ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் கொறடாவின் பிடி இருக்கட்டும், மற்றவற்றில் உறுப்பினரை விட்டுவிடுங்கள் என்று 1990-இலேயே தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி அதே கருத்தில் 2010-இலும் 2021-இலும் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். இந்திய நாடாளுமன்றத்தில் இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14. கடைசி மசோதா சட்டமானது 1970-இல்.