ஓய்வும் உழைப்பின் பகுதியே

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைப்பது என்கிற விவாதம் நம் நாட்டில் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. இளைஞர்கள் 70 மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்று 2023-இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி கூறினார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 மணி நேரமாக உயர்த்திப் பேசினார்.

கூடுதல் நேரம் உழைத்தால் கூடுதல் உற்பத்தி என்பது எவருக்கும் சரியாகத் தோன்றும் கணக்கு. ஆனால், அந்தக் கணக்கு நூறாண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் ஞாயிற்றுக்கிழமையும் இயங்கின. பெண்கள் உள்பட ஏராளமான தொழிலாளர்கள் வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கும் மேலாக உழைத்தனர். அவர்களது உடல்நலத்தையும் திறனையும் ஆராய 1915-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், எவ்வளவு உற்பத்தி செய்தார் என்று அக்குழு கணக்கெடுத்தது. வார ஓய்வு கட்டாயம் தேவை என்று பரிந்துரைத்தது.

அதே புள்ளிவிவரங்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்காவல் மீண்டும் ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ 49 மணி நேரம் வரை, உழைப்புக்கு ஏற்ப உற்பத்தியும் உயர்ந்தது. அதற்குப் பிறகு உயர்வின் வேகம் குறைந்தது. 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதாவது, கூடுதலான 14 மணி நேரம் ஏறத்தாழ வீண்.

இதற்குக் காரணம் எளிது. களைத்த கை மெதுவாக இயங்குகிறது. களைத்த மனம் பிழை செய்கிறது. பிழையைத் திருத்துவதற்கு இன்னொரு மணி நேரம் தேவைப்படுகிறது. கற்றதை மூளை நினைவில் பதிய வைப்பதும் உறக்கத்தில்தான். உறக்கத்தைக் குறைத்து உழைப்பவர், அடுத்த நாளின் திறனை முன்கூட்டியே செலவு செய்கிறார்.

இழப்பு உற்பத்தியோடு நிற்பதில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் நேர்ந்த பக்கவாதம், இதய நோயால் 2016-இல் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன.

நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிற வரம்பை சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-இலேயே வகுத்தது. நமது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமும் வாரத்துக்கு 48 மணி நேர வரம்பையும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் உழைக்க நேராதபடி இடைவேளையையும் விதித்தது. நாள் முழுவதும் நின்றபடியே பணியாற்றும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வழங்குவதைத் தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தத்தின் மூலம் கட்டாயமாக்கியது.

சட்டம் எட்டாத இடமும் உண்டு. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு கூறுகிறது. அலுவலகத்திலிருந்து திரும்பி அடுப்படிக்குள் நுழையும் பெண்ணிடம் 70 மணி நேரம் கேட்பவர்கள், இந்த ஐந்து மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

ஊழியர் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று பார்ப்பதை விடுத்து, என்ன செய்து முடித்தார் என்று நிறுவனங்கள் பார்க்க வேண்டும். ஓய்வு நேரத்தில் அழைப்பதையும் செய்தி அனுப்புவதையும் தவிர்க்க வேண்டும். வீட்டு வேலையை ஆண்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஓய்வை உழைப்புக்குப் பிந்தைய சலுகையாகக் கருதும் வரை, உழைப்பின் முழுப் பயனும் நமக்குக் கிட்டாது.