மாரியம்மாளின் காலைப்பொழுது

மதுரை நகரத்தில் ஓர் ஒழுங்கை. அக்கம்பக்கத்துச் சனம் அதையே மலசலகூடமாகப் பாவிக்கிறது. சுத்திகரிப்புத் தொழிலாளியான மாரியம்மாள் நாள்தோறும் வந்து அதைக் கூட்டி அள்ளுகிறார். மதுரையைச் சேர்ந்த அமுதன் ஆர்.பி. 2003 இல் எடுத்த 'பீ' என்ற விவரணப்படத்தில் நடப்பது இவ்வளவுதான். அரை மணித்தியாலத்துக்கும் குறைவான படம். பெயரை உச்சரிக்கவே எமக்கு வாய் கூசும். ஆனால் அந்தப் பெண் அதைக் கையால் அள்ளுகிறார்.

கடந்த மாதம் நீர்வேலியில் எமது மாதர் குழுவுக்கு மடிகணினியில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பதினொரு பேர் வந்திருந்தார்கள். அநேகமானோர் போரில் கணவனையோ பிள்ளையையோ இழந்தவர்கள். தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு பேர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள். படத்தில் மணம் வராது என்று ஒருவர் பகிடி விட்டார். பிறகு எவரும் சிரிக்கவில்லை. மாரியம்மாள் வேலை செய்தபடியே பேசுகிறார். தன் வேலையைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் அவரே சொல்கிறார். அவருக்காக இன்னொருவர் பின்னணியில் நின்று உருக்கமாகப் பேசவில்லை.

அமுதன் இப்படியான வேலைகளையே தொடர்ந்து படமாக்கி வந்தவர். சுடலையில் பிணம் எரிப்போரைப் பற்றி 'மயானக் குறிப்புகள்', செருப்புத் தைப்போரைப் பற்றி 'செருப்பு' ஆகியவற்றை எடுத்தார். மதுரையில் 1998 இல் விவரணப்பட விழா ஒன்றையும் தொடங்கினார். மனித மலத்தைக் கையால் அள்ள ஆட்களை அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1993 இலேயே நிறைவேறியிருந்தது. மாரியம்மாள் படத்தில் கூட்டிக்கொண்டு நிற்பது அதற்குப் பத்து வருடங்களின் பின்னர். 2013 இல் இன்னும் விரிவான சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. இந்த வேலை எந்தச் சாதிகளின் தலையில் விழுகிறது என்பது அங்கு எல்லோருக்கும் தெரியும். இங்கும் தெரியும். நாம்தான் அதைப் பேசுவதில்லை.

படம் முடிந்ததும் முதலில் வாய் திறந்தவர் அறுபது வயது கடந்த ஓர் அம்மா. "உவ இதைப் படம் பிடிக்க ஓம் எண்டவவோ, பிள்ளை?" என்று கேட்டார். சமூகவியல் படித்த எனக்குக்கூட விரிவுரை மண்டபத்தில் இவ்வளவு நேரான கேள்வி கிடைத்ததில்லை. ஓர் இளம் தாய் உடனே மறுமொழி சொன்னார்: "கமராவைப் பார்த்துத்தானே கதைக்கிறா. விருப்பமில்லாட்டி அப்பிடிக் கதைப்பாவோ?" அந்த அம்மா விடவில்லை. கதைப்பதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்றார். வாதம் ஒரு மணித்தியாலம் போனது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கியது. 2009 க்குப் பிறகு கமராக்களுடன் பலர் எமது வீடுகளுக்கு வந்து போனார்கள். இக்குழுவில் ஒருவரிடம், காணாமல் போன மகனின் படத்தை மடியில் வைத்தபடி மீண்டும் ஒருமுறை அழச் சொல்லியிருக்கிறார்கள். வெளிச்சம் சரியில்லையாம். "அண்டைக்கு என்ன நடந்தது எண்டு எல்லாரும் கேட்டவை. இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் அவர். அன்று நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும், அது சாட்சியம். ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பிறகும் இவர்கள் ஆயிரக்கணக்கான நாட்கள் எழுந்து, அடுப்பு மூட்டி, கூலிக்குப் போய், பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். அந்த நாட்களுக்குக் கமரா வருவதில்லை.

அப்போதுதான் ரஷ்யப் படம் ஒன்றைப் பற்றிச் சொன்னேன். சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்தில் விக்டர் கொசகோவ்ஸ்கி என்ற இளைஞர் எடுத்த 'பெலோவ் குடும்பம்' அது. 1993 இல் அம்ஸ்ரர்டாம் விவரணப்பட விழாவில் உயர்ந்த பரிசைப் பெற்றது. நாடு முழுவதும் அரசியல் கொந்தளித்த வேளையில் அவர் போனது ஒரு கிராமத்துக்கு. அங்கே அன்னா என்ற முதிய பெண் தன் சகோதரன் மிகைலுடன் வாழ்கிறார். அன்னா இரண்டு தரம் விதவையானவர். உருளைக்கிழங்குத் தோட்டமும் மாடும் அவர் பொறுப்பு. மாட்டுடன் பேசுவார், திட்டுவார். மிகைல் குடித்துவிட்டு உலக அரசியல் பேசுவார். (இந்த இடத்தில் எமது குழுவில் எழுந்த சிரிப்பை எழுதத் தேவையில்லை.)

அதில் ஒரு காட்சி உண்டு. சகோதரனுடன் நடந்த சண்டையின் ஒலிப்பதிவை அன்னாவுக்கு அவர்கள் கேட்கக் கொடுக்கிறார்கள். அன்னா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தன் குரலைத் தானே கேட்டுச் சிரிக்கிறார், அழுகிறார். எடுத்ததை, எடுக்கப்பட்டவருக்கே திருப்பிக் கொடுத்த காட்சி அது. இதைச் சொன்னதும் மகனின் படத்தை மடியில் வைத்திருந்த அந்தத் தாய், "என்ரை படம் எங்கை ஓடினது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது" என்றார்.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்வேன். எந்த நிறுவனத்தின் பெயரில் வந்தாலும், கமராவைத் திறக்க முன்னர் கேளுங்கள். யார் எடுக்கிறார்கள்? எங்கே காட்டுவார்கள்? முடிந்தபின் உங்களுக்குக் காட்டுவார்களா? இடையில் போதும் என்றால் நிறுத்துவார்களா? பிள்ளைகளின் முகம் வருமா? உதவி நிறுத்தப்பட்டுவிடும் என்ற பயத்தில் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. காலையில் ஓம் என்றவர் மாலையில் வேண்டாம் என்று சொல்லவும் இடமுண்டு.

குழுவில் அன்று ஒரு முடிவும் எடுத்தார்கள். கைத்தொலைபேசியால் தாங்களே ஒரு சிறு படம் எடுப்பதாம். எதை எடுப்பது என்பதில் இன்னும் இழுபறி. வாழைக்குலை வெட்டிச் சந்தைக்கு அனுப்புவதை எடுக்கலாம் என்கிறார் ஒருவர். பொம்பிளை வெட்டினால் விலையைக் குறைக்கப் பார்க்கும் வியாபாரியையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். சுவரில் தொங்கும் படங்களை எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் பதினொரு பேரும் ஒரே சொல்.

முதலில் கேள்வி கேட்ட அந்த அம்மாவின் வீட்டில்தான் தொடங்கப் போகிறார்கள். பங்குக் கிணற்றில் அவருடைய இறைப்பு முறை வியாழக்கிழமை. "விடிய நாலு மணிக்கு வாங்கோ. தண்ணி மாறேக்கை கமராவைப் பிடிச்சுக்கொண்டு பாத்தியை மிதிச்சியளெண்டால் பேச்சு விழும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.