ஆறு அறுத்த மலையும் ஆற்றோரக் கமக்காரரும்

கமம் செய்து வாழ்ந்த குடும்பமொன்று தன் காணியை விட்டு வெளியேறும்போது, காணியோடு இன்னொன்றையும் இழந்துவிட்டதாக எண்ணுவதுண்டு. தனக்குத் தெரிந்த வேலைக்கு இனி மதிப்பில்லை என்பதே அந்த எண்ணம். மழை எப்போது வரும், வெள்ளம் எவ்வழியாகப் பாயும், எந்த மரம் எந்த வேலைக்கு உதவும் என்ற அறிவுக்குச் சான்றிதழ் கிடையாது. ஆகவே அது அறிவே அல்ல என்று பிறர் சொல்ல, நாமும் நம்பிவிடுகிறோம்.

அப்படிப்பட்ட அறிவை ஒரு தொழிலாக்கி, அத்தொழிலைத் தம் கையிலேயே வைத்துக்கொண்ட ஓர் ஆற்றோர மக்களைப் பற்றி இக்கட்டுரை கூறுகிறது. அவர்கள் ஐரோப்பாவில் போலந்து நாட்டின் தெற்கெல்லையில் துனாயெத்ஸ் ஆற்றங்கரையில் வாழும் கமக்காரர். அழகிய பாறை மலைகளைப் பார்க்க வரும் பிரயாணிகளைத் தெப்பத்தில் ஏற்றிச் செல்வதும், அம்மலைகளுக்கு நடந்துபோக வழிசெய்து கொடுப்பதும் அங்கே பெரியதொரு வருமான வழி. அது எவ்வாறு நடக்கிறது, அதன் பயன் யாருக்குப் போகிறது என்பவற்றைப் பார்ப்போம்.

கல்லின் கதை

துனாயெத்ஸ் ஏறத்தாழ 247 கிலோமீற்றர் நீளமான ஆறு. அது வடக்கே ஓடி விஸ்துலா என்ற பேராற்றில் சேருகிறது. வழியில் பியெனினி என்ற சிறிய மலைத்தொடர் குறுக்கிடுகிறது. ஆறு அதைச் சுற்றிப் போகாமல் ஊடறுத்துச் செல்கிறது. ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரத்துக்கு அது பாம்புபோல வளைந்து வளைந்து செல்ல, இரு பக்கமும் வெண்ணிறப் பாறைச் சுவர்கள் எழுந்து நிற்கின்றன. சில இடங்களில் அவை ஆற்றிலிருந்து 300 மீற்றர் வரை உயர்ந்தவை. ஒரு கரை போலந்து. மறு கரையின் பெரும்பகுதி சிலோவாக்கியா.

இப்பாறைகள் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டியவர்களுக்குச் சுண்ணாம்புக்கல் புதிதல்ல. கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, காலப்போக்கில் இறுகிக் கல்லாகின்றன. யாழ்ப்பாணக் கல்லைவிடப் பியெனினிக் கல் மிகப் பழையது. அதன் பெரும்பகுதி பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் கடலடியில் உண்டானது. பின்னர் நிலத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதியபோது அந்தக் கடலடி நெருக்குண்டு, மடிந்து, உடைந்து மேலே வந்தது. மென்மையான களிப்பாறைகளை மழையும் ஆறும் கரைத்துச் சென்றன. கடினமான சுண்ணாம்புக்கல் மட்டும் குன்றுகளாக எஞ்சி நின்றது. இவ்வகைப் பாறைக் குன்றுகளின் ஒடுங்கிய வரிசை ஒன்று ஒஸ்திரியாவில் வியன்னா நகரின் அருகிலிருந்து ருமேனியா வரை ஏறத்தாழ 600 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதில் மிக அழகிய பகுதிகளுள் ஒன்று பியெனினி. புவியியல் கற்பவர்கள் உலகின் பல பாகங்களிலிருந்தும் அங்கு வருவது இதனால்தான்.

ஊர் மக்களிடம் வேறொரு கதையும் உண்டு. தாத்தாரியரின் படையெடுப்புக்குத் தப்பியோடிய அரசி கிங்கா தன் நாடாவை எறிய, அதுவே இத்தனை வளைவுகளோடு துனாயெத்ஸ் ஆறாயிற்று என்பார்கள். இந்தக் கிங்கா 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 1999இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பிரயாணிகளுக்குக் கல்லின் கதையோடு இந்தக் கதையும் சொல்லப்படுகிறது. இரண்டையும் கேட்கவே மக்கள் விரும்புகிறார்கள்.

தெப்பமும் தெப்பக்காரரும்

முற்காலத்தில் இக்கிராமத்தவர் மரத்தைக் குடைந்து வள்ளம் செய்தனர். மீன் பிடிக்கவும் ஆற்றைக் கடக்கவும் அதுவே உதவியது. 19ஆம் நூற்றாண்டில் அருகிலுள்ள ஷ்சவ்னித்சா என்ற ஊரின் கனிமநீர் ஊற்றுகளுக்கு நோய் தீர்க்க வந்த செல்வந்தர்கள், பொழுதுபோக்காக ஆற்றில் போக விரும்பினர். ஊற்றுகளின் உரிமையாளர் யோசெப் ஷலாய் அதற்கு ஏற்பாடு செய்தார். வள்ளங்களை அருகருகே கட்டித் தெப்பமாக்கி, கமக்காரர் அவர்களை ஏற்றிச் சென்றனர்.

இன்றும் முறை அதுதான். ஐந்து ஒடுங்கிய வள்ளங்களைப் பக்கம் பக்கமாகப் பிணைத்தால் ஒரு தெப்பம். நம் கரையோரத்தவரின் கட்டுமரத்தை நினைத்துக்கொண்டால் விளங்கும். அங்கே மரக்குற்றிகளைக் கட்டுகிறோம், இங்கே வள்ளங்களைக் கட்டுகிறார்கள். இப்போது அவை பலகையால் செய்யப்படுகின்றன. நீர் தெறிக்காதிருக்க முன்புறத்தில் ஊசியிலை மரக்கிளைகளைச் செருகுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் அமர, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இரு தெப்பக்காரர் நீண்ட மரக்கோலால் செலுத்துவர். இயந்திரம் கிடையாது. ஆறு கொண்டுபோகிறது, மனிதன் வழிகாட்டுகிறான்.

ஸ்ரோமொவ்த்சே கிராமத்தில் ஏறினால் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் சென்று ஷ்சவ்னித்சாவில் இறங்கலாம். இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். திரும்ப எதிர்நீரில் போக இயலாது. ஆகவே தெப்பத்தைக் கழற்றி லொறியில் ஏற்றி மேலே கொண்டுவருகிறார்கள். முன்னர் இதைக் குதிரை வண்டிகள் செய்தன. சவாரி நடப்பது ஏப்ரல் தொடக்கம் ஒக்ரோபர் வரை. வெள்ளம் பெருகினால் சவாரி இல்லை.

சங்கத்தின் பங்கு

பிரயாணிகள் பெருகிய இடத்தில் போட்டியும் பெருகும். ஒருவர் விலையைக் குறைப்பார். மற்றவர் அனுபவமில்லாத பையனிடம் கோலைக் கொடுப்பார். தெப்பம் கவிழ்ந்தால் கெட்ட பெயர் எல்லோருக்கும். இதற்குப் பரிகாரமாகத் தெப்பக்காரர் 1934இல் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். பல நூறு தெப்பக்காரர் அங்கம் வகிக்கும் அச்சங்கம் இன்றும் இயங்குகிறது.

பயணச்சீட்டைச் சங்கமே விற்கிறது, விலை ஒன்று. இத்தொழிலுக்கு வருபவர்கள் ஆற்றோரக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். புதியவர் மூத்தவரோடு பழகுனராக நின்று, ஆற்றைப் படித்து, பரீட்சையில் தேறிய பின்னரே முழுத் தெப்பக்காரராக முடியும். தகப்பனிடமிருந்து மகனுக்குத் தொழில் போகிறது. வருடம் முழுவதும் சவாரி இல்லாதபடியால் மற்ற மாதங்களில் அவர்கள் வேறு வேலை பார்க்கிறார்கள்.

மலையில் நடப்போர்

1932இல் போலந்தும் அன்றைய செக்கோசிலோவாக்கியாவும் எல்லையின் இரு பக்கமும் இம்மலைகளைப் பாதுகாப்புப் பிரதேசமாக்கின. எல்லை கடந்து அமைந்த இத்தகைய பூங்கா ஐரோப்பாவில் அதுவே முதலாவது. மூன்று முடி எனப்படும் சிகரம் 982 மீற்றர் உயரம். சொகோலித்சா பாறை 747 மீற்றர். அடையாளமிட்ட பாதையில் மாத்திரமே நடக்கலாம். ஏற முடியாதவர்களுக்கு ஷ்சவ்னித்சாவிலிருந்து ஆற்றோரமாகச் சிலோவாக்கியப் பக்கத்துப் பழைய துறவிமடம் வரை சமதரையான பாதை உண்டு. 2006இல் அம்மடத்தருகே ஆற்றின் குறுக்கே நடைபாலம் ஒன்றும் திறக்கப்பட்டது.

சொகோலித்சாவின் உச்சியில் சில நூறு ஆண்டு வயதான ஒரு பைன் மரம் பாறையைப் பற்றி நிற்கிறது. 2018 செப்ரெம்பரில் காயமுற்ற ஒருவரை மீட்க வந்த ஹெலிகொப்ரரின் காற்றில் அதன் பெரிய கிளை முறிந்தது. அழகை நம்பி வாழும் ஊருக்கு அந்த அழகே முதல். அது எளிதில் ஒடியக்கூடிய முதல்.

கமக்காரர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. பியெனினியின் புல்வெளிகளில் பூஞ்செடி வகைகள் மிக ஏராளம். இவை தாமாக உண்டானவை அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கமக்காரர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல் அறுத்து வந்ததால் உண்டானவை. அறுப்பு நின்ற இடங்களைக் காடு மூடியது, பூக்கள் மறைந்தன. அப்பொல்லோ என்ற அரிய வண்ணத்துப்பூச்சியும் அழியும் நிலைக்கு வந்தது. 1991 முதல் அதை வளர்த்து விட்டுப் பெருக்கினர். புல்வெளிகளை மீண்டும் அறுப்பிக்கவும் பூங்கா நிர்வாகம் ஏற்பாடு செய்தது. ஆக, இயற்கையைக் காப்பதற்குக் கமக்காரனை அகற்ற வேண்டும் என்பது எப்போதும் சரியல்ல. சில இடங்களில் அவனுடைய கத்தியே காவல்.

நீரில் மூழ்கிய ஊர்

இக்கதையில் துன்பமும் உண்டு. 1934 யூலையில் துனாயெத்ஸ் பெருக்கெடுத்துப் பலரைப் பலிகொண்டது. அதன் பின்னர் அணைக்கட்டு வேண்டும் என்ற குரல் வலுத்தது. பல்லாண்டு வேலைக்குப் பின், 56 மீற்றர் உயரமான மண் அணை 1997 யூலையில் திறந்து வைக்கப்பட்டது. அதே நாட்களில் போலந்தைப் பெருவெள்ளம் தாக்க, அணை தண்ணீரைத் தடுத்துக் கீழேயுள்ள ஊர்களைக் காத்தது.

ஆனால் அந்த நீர் தேங்கிய இடத்தில் மக்கள் இருந்தார்கள். மனியோவி என்ற பழைய கிராமம் முழுதாக மூழ்கியது. மேட்டு நிலத்தில் அதே பெயரில் புதிய கிராமம் கட்டப்பட்டது. பழைய மரவீடுகள் சில கழற்றப்பட்டு வேறிடத்தில் பொருத்தப்பட்டன. தெம்ப்னோ கிராமத்தின் பழைய மரக்கோவில் கரைகட்டிக் காக்கப்பட்டது. கோவிலைக் காக்க முடிந்தது. பள்ளத்தாக்கின் அடிநிலத்தைக் காக்க முடியவில்லை. வீட்டுக்கு வீடு கொடுக்கலாம். ஒரு தலைமுறை உழுது பதப்படுத்திய மண்ணுக்கு ஈடு எங்கிருந்து வரும்?

தெப்பக்காரருக்கும் மாற்றம் வந்தது. ஆற்றின் நீரை இப்போது அணை அளந்து விடுகிறது. கோடையில் நீர் முன்னரைவிடக் குளிர். மாரியில் முன்போல உறைவதில்லை. பழகிய ஆற்றை அவர்கள் மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

எல்லா ஊரிலும் மலையும் ஆறும் இல்லை. தெப்பத்தை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் வழிமுறையைப் பார்க்கலாம்.

முதலாவது, அவர்கள் புதிய தொழிலைத் தமக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கினார்கள்.

இரண்டாவது, தனித்தனியே பேரம் பேசாமல் சங்கமாக நின்றார்கள். அதனால் தொழில் வெளியார் கைக்குப் போகவில்லை.

மூன்றாவது, பயிற்சியையும் பரீட்சையையும் தாமே விதித்துக்கொண்டார்கள். ஒழுங்கை வேறெவரும் திணிக்கும் வரை காத்திருக்கவில்லை.

நான்காவது, பிரயாணிகளின் வருமானத்தை மட்டும் நம்பவில்லை. அது பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புதிய தொழில் கிடைத்தது என்பதற்காகக் காணி உரிமையைக் கைவிடலாகாது. உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். கேட்க வேண்டிய இடத்தில் தொடர்ந்து கேளுங்கள். தொழில் வயிற்றுக்கு, காணி பிள்ளைகளுக்கு. இரண்டும் வேண்டும்.

சங்கக் கூட்டங்களில் கலந்துரையாட:

1. இப்போது நாம் இருக்கும் இடத்தில் பயன்படாமல் கிடக்கும் நம் கைத்திறன் எது? அதை இளையோருக்குக் கற்பிக்கக்கூடியவர்கள் யார்?

2. நம் பகுதிக்கு வெளியார் வந்து செலவிடும் பணத்தில் எவ்வளவு ஊரில் தங்குகிறது? மீதி எவ்வழியாக வெளியே போகிறது?

3. விலையையும் தரத்தையும் நாமே தீர்மானிக்க ஒரு சங்கம் அமைத்தால், அதன் முதல் மூன்று விதிகள் என்னவாக இருக்க வேண்டும்?