ஒரு கிரேக்கத் தாயின் ஒப்பாரி

பிள்ளைப்பாக்கம் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் இளைஞன் பண்டைக் கிரேக்கக் கவி ஹோமரின் பெயரை எங்கேனும் கேள்வியுற்றிருக்கக் கூடும். ஆனால் அவனையொத்த ஓர் உழைப்பாளியின் மரணத்திலிருந்து நவீன கிரேக்கத்தின் உன்னதமான கவிதைகளுள் ஒன்று பிறந்ததென்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1936 மே மாதத்தில் தெஸ்ஸலோனிக்கி நகரத்துப் புகையிலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 9-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் மாண்டவர்களுள் தாஸோஸ் தூஸிஸ் என்ற வாலிபரும் ஒருவர். வீதியில் கிடந்த மகனின் சடலத்தருகே தாய் கதறும் புகைப்படம் மறுநாள் பத்திரிகையில் வெளியாயிற்று. அதைக் கண்டு மனம் பதைத்த கவிஞர் யானிஸ் ரித்ஸோஸ், அப்போது 27 வயதினர், 'எபிதாஃபியோஸ்' என்ற கவிதையை அத்தாயின் வாய்மொழியாகவே இயற்றினார். புதுக்கவிதை ஐரோப்பாவெங்கும் கோலோச்சிய அக்காலத்தில், கிராமத்துப் பெண்கள் பிணத்தைச் சூழ்ந்திருந்து பாடும் பதினைந்து அசை அடியையும், பெரிய வெள்ளியன்று தேவாலயத்தில் ஒலிக்கும் புலம்பலையும் அவர் கைக்கொண்டதே என் மதிப்பில் அவருடைய மேதைமை. நம் இழவு வீடுகளில் கட்டியழும் ஒப்பாரிக்கு அது உடன்பிறப்பு. ஒப்பாரியை இலக்கியமென்று ஒப்ப நம் பண்டிதர்களுக்கும் வெகுகாலம் மனம் வரவில்லை அல்லவா?

அவ்வாண்டு ஆகஸ்டில் கிரேக்கத்தில் மெடாக்ஸாஸின் சர்வாதிகாரம் வந்தது. புராதன கிரேக்கத்தின் கீர்த்தியைத் தன் மகுடமாகச் சூட்டிக்கொண்ட அந்த ஆட்சி, அக்கவிதை நூலின் எஞ்சியிருந்த பிரதிகளை ஏதென்ஸில் ஸ்யூஸ் கடவுளின் பழங்கோயிலருகே எரித்தது. பின்னர் உள்நாட்டுப் போர்க்காலத்தில் ரித்ஸோஸ் தீவுச் சிறைகளில் அடைக்கப்பட்டார்; மக்ரோநிஸோஸ் தீவில் எழுதியவற்றைப் புட்டிகளில் அடைத்து மண்ணில் புதைத்துக் காத்தார். 1960-இல் இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடராக்கிஸ் 'எபிதாஃபியோஸ்' பாடல்களைப் புஸூக்கி என்னும் தந்தி வாத்தியத்தோடு இசைத்தட்டாக வெளியிட்டபோது, மதுக்கடை வாத்தியத்தைக் கவிதைக்குத் துணையாக்குவதா என்று கனவான்கள் முகஞ்சுளித்தார்கள், ஜனங்களோ பாடினார்கள்.

ரித்ஸோஸ் தனிமரமல்லர். அலெக்ஸாண்டிரியாவில் பாசன இலாகா உத்தியோகத்தில் காலங்கழித்த கவிஞர் கவாஃபி, நிலக்கரிச் சுரங்கத்தின் மேஸ்திரியை 'ஸோர்பா' நாவலின் நாயகனாக்கிய கஸான்ட்ஸாகிஸ், 1979-இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் எலிட்டிஸ் ஆகியோரும் ஹோமரின் நிழலில் ஒடுங்கிப் போகாதவர்களே.

1963-இல் அப்பரிசைப் பெற்ற ஸெஃபெரிஸோ ராஜதந்திரி. அவர் கவிதை சுலபத்தில் பிடிபடுவதுமன்று. ஆயினும் அப்போது கிரேக்கத்தை ஆண்ட ராணுவ ஆட்சியை 1969-இல் பகிரங்கமாகக் கண்டித்த அவர் 1971-இல் காலமானபோது, சவ ஊர்வலத்தில் திரண்ட ஏதென்ஸ் மக்கள், அரசு தடைசெய்திருந்த தியோடராக்கிஸின் மெட்டிலேயே அவருடைய கவிதையொன்றைப் பாடிச் சென்றார்கள்.