தாருக்கு டிஃப் லாக்கும் பெரிய டயரும்: கொட்டேஷனில் வராத செலவு எவ்வளவு?

நம்ம சேனலுக்கு மண்ணூர்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. "சார், தார் 4×4 எடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. டிஃப் லாக் இல்லாத வேரியன்ட். ஒர்க்‌ஷாப்ல அஞ்சு பெரிய டயர், பின்னாடி ஏர் லாக்கர், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 2.5 லட்சம் சொல்றாங்க. பேங்க் ஆப்ல ப்ரீ-அப்ரூவ்டு பர்சனல் லோன் காட்டுது. எடுக்கலாமா?"

ஒரு பக்கம் பாடி, இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட். வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். எல்லாம் இருக்கிற பகுதி இது. ஒரு காலத்தில் டன்லப் டயரே அம்பத்தூரில்தான் தயாராச்சு. அந்த ஊர்ப் பையனுக்கு வண்டி மேல ஆசை வர்றதில் ஆச்சரியம் இல்லை. ஆசையைத் தப்புன்னு சொல்ல நான் வரலை. ஆனா அந்த 2.5 லட்சம் முழுக் கணக்கு இல்லை. மீதிக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

முதல்ல டிஃப்ரன்ஷியல் என்ன பண்ணுதுன்னு ரெண்டு நிமிஷம். எம்.டி.எச். ரோட்டில் நீங்க ஒரு யு-டர்ன் அடிக்கிறீங்க. வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போகுது, உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம். ரெண்டும் ஒரே வேகத்தில் சுத்தினா டயர் தேயும், ஆக்ஸில் முறுக்கும். அதனால ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்தில் சுத்த விடுற பல்சக்கரக் கூட்டம்தான் டிஃப்ரன்ஷியல். தார் ரோட்டில் இது வரம். சேத்தில் இதுவே சாபம். ஒரு சக்கரம் சேத்தில் வழுக்கிச் சுத்த ஆரம்பிச்சா, எதிர்ப்பு குறைவா இருக்கிற அந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருக்கும். கெட்டியான தரையில் நிக்கிற மறு சக்கரத்துக்கு வண்டியைத் தள்ளுற அளவு விசை கிடைக்காது. 4×4 போட்டும் வண்டி நகராம நிக்கிறதுக்கு இதுதான் காரணம். லாக் போட்டா ரெண்டு சக்கரமும் ஒரே அச்சு மாதிரி பூட்டிக்கும், பிடிப்பு இருக்கிற சக்கரம் வண்டியை வெளியே இழுக்கும்.

இதையே கம்பெனிகள் பல விதமா தர்றாங்க. 2020-ல் வந்த தாரில் சில 4×4 வேரியன்ட்களுக்குப் பின் ஆக்ஸிலில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப்ரன்ஷியல் உண்டு. 2023-ல் வந்த ஜிம்னியில் பூட்டு கிடையாது. வழுக்குற சக்கரத்தை பிரேக் பிடிச்சு நிறுத்தி, மறு சக்கரத்துக்கு விசையை அனுப்புற எலக்ட்ரானிக் ஏற்பாடுதான். ஃபோர்ஸ் கூர்காவில் முன்னாடி, பின்னாடி ரெண்டு ஆக்ஸிலுக்கும் பூட்டு. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் பின் பக்கம் எலக்ட்ரானிக் லாக்.

இந்தப் பட்டியல் எதுக்குன்னா, இன்னும் வண்டி எடுக்காதவங்களுக்காக. ஷோரூமில் வேரியன்ட் தேர்வு பண்ணும்போது சன்ரூஃப், ஸ்கிரீன் சைஸ் எல்லாம் பார்க்கிறோம், டிஃப் லாக் இருக்கான்னு கேட்கிறதில்லை. ஆனா பணக் கணக்கில் பார்த்தா, கம்பெனியிலிருந்தே வர்ற லாக்கும் வெளியில் போடுற லாக்கும் ஒரே பொருள் இல்லை. கம்பெனி லாக் எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிடும். அதனால கார் லோன் வட்டியிலேயே வரும். வாரண்டியில் வரும். இன்ஷூரன்ஸில் உங்க வண்டியோட மதிப்பா எழுதுற ஐ.டி.வி.யும் கம்பெனி பட்டியல் விலையை வெச்சுத்தான் கணக்காகுது, அதிலும் வந்துடும். வெளியில் போட்டா மூணும் இல்லை. கையிலிருந்து காசு அல்லது பர்சனல் லோன். ஆக்ஸிலைத் திறந்ததால அந்தப் பாகத்துக்கு வாரண்டி கேட்கப் போனா சர்வீஸ் சென்டரில் வாக்குவாதம். பாலிசியில் தனியா அறிவிச்சு பிரீமியம் கட்டலைன்னா, விபத்துன்னு வரும்போது அந்த லாக்கருக்கு மதிப்பு பூஜ்யம். வேரியன்ட் வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேலேயே இருந்தாலும், நிஜமா ஆஃப்-ரோடு போறவங்களுக்கு அந்த வித்தியாசம் கொடுக்கிறதுதான் சரின்னு நான் சொல்வேன்.

இப்போ டயருக்கு வருவோம். செலவு சங்கிலியா நீளுறது இங்கேதான்.

தாரின் 18 இஞ்ச் வீலில் வர்ற டயர் 255/65 ஆர்18. இதோட முழு விட்டம் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 789 மி.மீ. ஒர்க்‌ஷாப்ல பரிந்துரைச்சது 285/65 ஆர்18. அது கிட்டத்தட்ட 828 மி.மீ. அதாவது சுமார் 5% பெரிசு. "அஞ்சு பர்சன்ட்தானே" அப்படின்னு தோணும். ஆனா என்ன நடக்குதுன்னு பாருங்க.

ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுத்துற எண்ணிக்கையைத்தான் பார்க்குது. மீட்டர் 60 காட்டும்போது நீங்க 63-க்குப் பக்கத்தில் போய்க்கிட்டு இருப்பீங்க. ஓடோமீட்டர் 10,000 கி.மீ. காட்டும்போது நிஜத்தில் 10,500 கி.மீ. ஓடியிருக்கும். மீட்டரை வெச்சு மைலேஜ் கணக்குப் போட்டா, நிஜத்தை விடக் குறைவாத்தான் தெரியும். அது போக, கனமான டயரைச் சுத்துறதால மைலேஜ் நிஜமாவே கொஞ்சம் குறையும்.

அடுத்தது கியர். டிஃப்ரன்ஷியல் உள்ளே கிரவுன் வீலும் பினியனும் இருக்கும். அதோட பல் விகிதம் உதாரணத்துக்கு 4.1-ன்னு வெச்சுக்குவோம். டயர் 5% பெரிசானா, அது 3.9 மாதிரி வேலை செய்யும். மேட்டில் இழுவை குறையும், மெதுவா ஊர்ந்து போற வேகம் கூடும், கிளட்ச் அதிகமா எரியும். ஆஃப்-ரோடுக்காக டயர் மாத்தி, ஆஃப்-ரோடுக்கு வேணும்கிற மெதுவான இழுவையையே இழந்துடுறீங்க. இதைச் சரி பண்ண கிரவுன்-பினியனை வேற விகிதத்துக்கு மாத்தணும். 4×4 வண்டியில் முன் ஆக்ஸில் ஒரு விகிதம், பின் ஆக்ஸில் ஒரு விகிதம்னு ஓட்ட முடியாது. ரெண்டையும் மாத்தணும். ரெண்டு செட், ரெண்டு ஆக்ஸில் திறக்கிற கூலி. பல்லை மைக்ரோ அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணத் தெரிஞ்ச ஃபிட்டர் வேணும், இல்லைன்னா ஊளையிடுற சத்தத்தோடதான் வண்டி வரும். பெரிய டயர் ஃபெண்டர் உள்பக்கம் உரசினா லிஃப்ட் கிட்டும் வேணும். ஸ்டெப்னியும் அதே சைஸ்தான் வேணும், ஏன்னா விட்டம் மாறின ஒரு சக்கரத்தோட 4×4 போட்டா டிரைவ்லைன் முறுக்கும். அதனாலதான் கொட்டேஷனில் நாலு இல்ல, அஞ்சு டயர்.

கேள்வி கேட்டவரோட 2.5 லட்சத்தில் கிரவுன்-பினியனும் இல்லை, லிஃப்ட் கிட்டும் இல்லை. ஆறு மாசம் கழிச்சு அதுவும் வரும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தினாங்க. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். அபராதத்தை விட இன்ஷூரன்ஸ் சர்வேயர்தான் எனக்குப் பெரிய கவலை. பெரிய விபத்தில் ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற டயர் அவர் கண்ணில் முதல்ல படும். கம்பெனி சொன்ன அதே சைஸில், ஹைவே பேட்டர்னுக்குப் பதிலா ஆல்-டெரெய்ன் பேட்டர்ன் போட்டா இந்தத் தலைவலி இல்லை.

இன்ஷூரன்ஸ்னு சொன்னதும் இன்னொரு விஷயம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் டயருக்கு மட்டும் சேதம்னா கிளெய்ம் கிடையாது. பாறையில் சைட்வால் கிழிஞ்சா உங்க காசுதான். வண்டியும் சேர்ந்து சேதமானா, டயர் விலையில் 50% வரைதான். டிஃப்ரன்ஷியல் பல் உடைஞ்சா அது மெக்கானிக்கல் பிரேக்டவுன், பாலிசியில் வராது. போட்டிகளில் ஓட்டினா கவரேஜே இல்லை.

"மழைக்கு உதவுமே சார்" அப்படின்னு பலர் சொல்றாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் மூழ்கினதைப் பார்த்தவங்களுக்கு அந்த எண்ணம் வர்றது நியாயம். ஆனா தேங்கின தண்ணியில் டிஃப் லாக்குக்கு வேலையே இல்லை. கீழே கெட்டியான ரோடுதானே இருக்கு! அங்கே தீர்மானிக்கிறது தண்ணி எவ்வளவு உயரம்கிறது மட்டும்தான். தாருக்குக் கம்பெனி சொல்ற அளவு 650 மி.மீ. அதுக்கு மேல போனா இன்ஜினுக்குள்ள தண்ணி ஏறும் அபாயம். அப்படி ஏறிக் கெட்டுப் போறது, இன்ஜின் புரொடக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் பொதுவா கிளெய்ம் ஆகாது. மழைக்காகத்தான் செலவு பண்றீங்கன்னா, லாக்கருக்கு முன்னாடி அந்த ஆட்-ஆன் இருக்கான்னு பாலிசியைத் திறந்து பாருங்க. வெள்ளத்தில் ஓட்டின வண்டியில் டிஃப்ரன்ஷியல் ஆயிலையும் செக் பண்ணச் சொல்லுங்க. பிரீதர் வழியா தண்ணி இறங்கியிருந்தா ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கும்.

சரி, லோன் கணக்கு. 2.5 லட்சம், 14% வட்டி, 36 மாதம்னு வெச்சுக்குவோம். இஎம்ஐ சுமார் 8,544 ரூபாய். மொத்தம் கட்டுறது சுமார் 3.08 லட்சம், அதில் வட்டி மட்டும் 57,600-க்குப் பக்கம். வருஷத்துக்கு நாலு நாள் நிஜமான ஆஃப்-ரோடுன்னு வெச்சா, அஞ்சு வருஷத்தில் 20 நாள். ஒரு நாளைக்கு 15,000 ரூபாய்க்கு மேல. மீதி நாள் எல்லாம் அந்த முரட்டு டயர் பாடி பாலத்தில்தான் தேயப் போகுது. சத்தமும் ஜாஸ்தி. அதுவும் மட்-டெரெய்ன் வகைன்னா நனைஞ்ச தார் ரோட்டில் பிரேக் பிடிக்கிற தூரமும் கூடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு இடம் சொல்றேன். தேனி மாவட்டத்தில் கொழுக்குமலை, கிட்டத்தட்ட 7,900 அடி உயரத் தேயிலைத் தோட்டம். கேரளா பக்கம் சூரியநெல்லியிலிருந்து பழைய மஹிந்திரா ஜீப்பில் கூட்டிட்டுப் போவாங்க. அந்தக் கல் பாதையில் உள்ளூர் டிரைவர் எந்தச் சக்கரத்தை எந்தக் கல் மேல வைக்கிறார்னு ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. ஆறு பேர் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு பிரியாணிச் செலவுக்கு அப்புறம் கொஞ்சம். ஆஃப்-ரோடு உங்களுக்குப் பிடிக்குதா, இல்ல வண்டியோட லுக்தான் பிடிக்குதான்னு அதில் தெரிஞ்சிடும். லுக்தான்னா அதுவும் தப்பில்லை, ஆனா அதுக்கு டிஃப் லாக் வேண்டாம்.

பிடிச்சிருக்குன்னா நான் போற வரிசை இது. முதல்ல காற்றழுத்தம். மணலிலும் சேத்திலும் டயரை 18–20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினா தரையில் படுற பரப்பு கூடும், பிடிப்பு கூடும். செலவு, ஒரு போர்ட்டபிள் கம்ப்ரஸரும் பிரஷர் கேஜும் மட்டும். தார் ரோட்டுக்கு ஏறும் முன்னாடி மறக்காம திரும்ப ஏத்திடணும். கூடவே நல்ல ரெகவரி ஸ்ட்ராப், ஷேக்கிள், துணைக்கு இன்னொரு வண்டி. அடுத்து, இப்ப இருக்கிற டயர் தேய்ஞ்சு மாத்துற நேரம் வரும்போது அதே சைஸில் ஆல்-டெரெய்ன். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28%-லிருந்து 18% ஆகியிருக்கு. வரிக்கு முன் 15,000 ரூபாய் டயர் அஞ்சு வாங்கினா, வரியில் மட்டும் 7,500 ரூபாய் குறையணும். பில்லில் அது தெரியுதான்னு பாருங்க. ஒரு வருஷம் இப்படி ஓட்டி, அப்பவும் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுத்தி மாட்டிக்கிறீங்கன்னா, அப்ப பின் ஆக்ஸிலுக்கு லாக்கர் போடுங்க. கம்பெனி வாரண்டி முடிஞ்ச பிறகுன்னா இன்னும் நல்லது.

லோனுக்குப் பதிலா அதே 8,544 ரூபாயை 7% ஆர்.டி.யில் போட்டா சுமார் 27 மாதத்தில் 2.5 லட்சம் சேர்ந்துடும். இஎம்ஐ-யை விட ஒன்பது மாதம் முன்னாடியே. நடுவில் மனசு மாறினா பணம் உங்க கையில் இருக்கும், ஆக்ஸிலுக்குள்ள இருக்காது.

இதை டாக்ஸில் காட்டலாமான்னு கேட்டு கமெண்ட் வரும்னு தெரியும். சம்பளக்காரர் சொந்த வண்டிக்குப் பண்ற செலவுக்குக் கழிவு கிடையாது. ஆனா ஒண்ணு இருக்கு. 10 லட்சத்துக்கு மேல விலையுள்ள புது வண்டி வாங்கும்போது டீலர் 1% டி.சி.எஸ். பிடிச்சிருப்பார். 15 லட்சம் வண்டிக்கு 15,000 ரூபாய். அது உங்க பேரில் கட்டின முன்பண வரி. 26ஏ.எஸ்.-ல் இருக்கான்னு பார்த்து, ரிட்டர்னில் எடுத்துக்கலாம். ஆபீஸில் முன்கூட்டியே அறிவிச்சா டி.டி.எஸ்.-லேயே குறைச்சுப்பாங்க. இதைக் கேட்காம விட்டவங்களைப் பார்த்திருக்கேன். ஒரு ஆல்-டெரெய்ன் டயர் காசு அதிலேயே இருக்கு.